ஒற்றைக் காதுக்கு ஓர் ஆம்ப்ளிஃபையர்

அந்தக் குடியிருப்பில் எல்லாரும் அவளைக் கர்ட்டன் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள், அவளைவிட மூத்தவர்கள்கூட. ஜன்னலுக்குத் திரை வேண்டும் என்று யாராவது சொல்லி அனுப்பினால் அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வந்து நிற்பாள். வெயில் எந்தப் பக்கமிருந்து வருகிறது, எதிர்வீட்டுக்காரர் எவ்வளவு தூரம் எட்டிப் பார்க்கிற ஆள் என்பதையெல்லாம் விசாரித்துவிட்டுத்தான் துணியைச் சிபாரிசு செய்வாள். தைத்து, வளையம் கோத்து, கம்பியில் மாட்டி, ஒரு தரம் இழுத்து மூடித் திறந்து பார்ப்பாள். மடிப்பு ஒழுங்காக விழுந்தால்தான் ஸ்டூலைவிட்டு இறங்குவாள். பேச்சிலும் வளவளப்பு கிடையாது.

அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். பெரிய கட்டடங்களின் உச்சியில் ஓர் அறை இருக்கும். மோட்டாரும் இரும்புக் கயிறும் உறுமிக்கொண்டே இருக்கிற அறை. அவருக்குப் பாதி நாள் அதில் போகும், மீதி நாள் லிஃப்ட் ஏறி இறங்கும் குழிக்குள். இரண்டு காதிலும் மெழுகு அடைப்பான் வைத்துக்கொண்டுதான் வேலை. பகலெல்லாம் பூட்டி வைத்த காதைச் சாயங்காலமாவது திறந்துவிட வேண்டாமா என்பது அவருடைய நியாயம். வீட்டுக்கு வந்து, கையில் இருக்கும் கிரீஸ் போகத் தேய்த்துக் கழுவி, டீயைக் குடித்துவிட்டு முன்னறை நாற்காலியில் உட்கார்ந்து பாட்டுப் போடுவார்.

அந்த முன்னறையில் ஒரு நாற்காலிதான் உண்டு. சுவரோரம் இரண்டு ஸ்பீக்கர்கள், நடுவில் சிடி பிளேயரும் பழைய ஆம்ப்ளிஃபையரும், எதிரே நாற்காலி. இரண்டு ஸ்பீக்கருக்கும் சரிசமமான தூரத்தில் உட்கார்ந்தால்தான் பாடகி நடுவில் நிற்பாள், வயலின் இடப்பக்கம் போகும், புல்லாங்குழல் வலப்பக்கம் வரும் என்று அவர் விளக்குவார். நாற்காலியைக் கூட்டிப் பெருக்க நகர்த்தினால்கூட முகம் சுண்டிப்போகும். தைத்து முடித்த திரைகளை ஓரமாக அடுக்கி வைப்பதற்குத் தவிர கர்ட்டன் அக்கா அந்த அறைக்கு அதிகம் போவதில்லை. சுவருக்குப் பின்னால் இருந்தது அவளுடைய தையல் அறை. கூரை முட்டத் துணிச் சுருள்கள், நடுவில் மெஷின். முன்னறையில் பாட்டு ஓட, பின்னறையில் மெஷின் ஓடும். இருபது வருஷத்துக்கு மேலாக அப்படித்தான். "எனக்கு கண்ணு, அவருக்கு காது. பங்கு பிரிச்சாச்சு" என்று கேட்பவர்களிடம் சொல்வாள்.

பழைய ஆம்ப்ளிஃபையர் வயதாகிப்போய்க் கரகரக்க ஆரம்பித்தது. வலப்பக்கம் திடீரென்று ஊமையாகிவிடும். தலையில் ஒரு தட்டுத் தட்டினால் மறுபடி பாடும். தட்டித் தட்டி அதுவும் பழகிப்போய்விட்டது. கடைசியில் புதிதாக ஒன்று வாங்குவதென்று அவர் முடிவெடுத்தார். முடிவெடுத்தாரே தவிர வாங்கவில்லை. கடை கடையாகப் போய்க் கேட்டுவிட்டு வருவார், வந்து யோசிப்பார். ஒன்று பார்க்கத்தான் பெரிசு, குரலில் ஒட்டடை என்பார். இன்னொன்று ரொம்பச் சுத்தம், ஆனால் ஆஸ்பத்திரி மாதிரி இருக்கிறது என்பார். கல்யாணத்துக்கு முன் தன்னைப் பார்த்துச் சரி சொல்ல அவருக்கு ஒரு டீ குடிக்கிற நேரம் போதுமாக இருந்தது, இந்தப் பெட்டிக்கு இத்தனை மாதமா என்று அக்கா தன் தம்பியிடம் சொல்லிச் சிரித்தாள்.

அவர் தேடியது பெரிய சத்தத்தை அல்ல. அதை ஒருநாள் சாப்பிடும்போது அவரே சொன்னார். "பாடறவங்க ஒரு வரி ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி மூச்சு எடுப்பாங்கல்ல, அது கேக்கணும்மா. அது கேட்டாதான் ஆள் பக்கத்துல இருக்கற மாதிரி." அக்கா தட்டைப் பார்த்தபடியே தலையாட்டினாள். அவளுக்கு அது புரிந்ததா என்று அவருக்குத் தெரியவில்லை.

கடைசியில் ஒரு ஷோரூமில் மனதுக்குப் பிடித்தது அகப்பட்டது. ஒல்லியான, வெள்ளி நிறப் பெட்டி. முகத்தில் ஒரே ஒரு திருகுதான், வால்யூமுக்கு. அடுத்த விடுமுறை நாளில் போய் எடுத்துவருவதாக இருந்தார்.

அந்த விடுமுறைக்கு முந்தின வாரம் ஒருநாள் காலையில் எழுந்தபோது இடது காது அடைத்திருந்தது. குளித்த தண்ணீர் போயிருக்கும் என்று தலையைச் சாய்த்துத் தட்டிக்கொண்டே வேலைக்குப் போனார். மத்தியானமே திரும்பி வந்துவிட்டார். மோட்டார் அறையில் நின்றபோது உலகமே ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்ட மாதிரி இருந்ததாம். அன்றைக்கே டாக்டரிடம் போனார்கள். உள்காதில் நரம்புக் கோளாறு, சிலருக்குக் காரணமே தெரியாமல் இப்படி வரும் என்று சொல்லி டாக்டர் மாத்திரை கொடுத்தார். திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்றார்.

வரவில்லை. போன சத்தத்துக்குப் பதிலாக ஓர் இரைச்சல் வந்து குடியேறிக்கொண்டது, பழைய டியூப்லைட் முனகுவதைப் போல. நல்ல காதும் கொஞ்சம் கூச்சம் கண்டது. பாத்திரம் விழுந்தால் துள்ளிப்போவார். அக்கா எவர்சில்வர் தட்டுகளையெல்லாம் மேலே ஏற்றிவிட்டுப் பீங்கானை இறக்கினாள்.

ஒரு சாயங்காலம் அவர் நாற்காலியில் உட்கார்ந்து பாட்டைப் போட்டார். பின்னறையில் அக்கா மெஷினை நிறுத்திவிட்டுக் காத்திருந்தாள். கொஞ்ச நேரத்தில் நாற்காலி தேய்கிற சத்தம் கேட்டது. முகத்தை வலப்பக்கம் திருப்பிப் பார்த்தார், இடப்பக்கம் திருப்பிப் பார்த்தார். நாற்காலியை ஓரத்துக்குத் தள்ளிப் பார்த்தார். பிறகு எல்லாம் நின்றது. அக்கா எட்டிப் பார்த்தபோது ஆம்ப்ளிஃபையர்மேல் ஒரு துண்டுத் துணியைப் போர்த்திக்கொண்டிருந்தார். இடப்பக்கத்துக் கருவிகளெல்லாம் கதவுக்குப் பின்னால் போய்விட்டன, பாடுகிறவள் எங்கே நிற்கிறாள் என்றே தெரியவில்லை என்று தரையைப் பார்த்துச் சொன்னார். ஷோரூமுக்குப் போன் செய்து அந்தப் பெட்டி வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்.

அவருக்குத் தம்பி முறையாக வேண்டிய உறவினர் ஒருவர் போனில் யோசனை சொன்னார். இரண்டு பக்கத்தையும் ஒன்றாகக் கலந்து அனுப்பும் மோனோ என்று ஒன்று உண்டே, அதற்குப் பட்டன் வைத்த பெட்டியாகப் பார்த்து வாங்கக் கூடாதா என்று. அவருக்கு அது தெரியாததல்ல. "இவ்வளவு நாள் கடலைப் பாத்துட்டு, இனிமே குழாயில வர்றதைப் பாத்துக்கன்னு சொல்றான்" என்றார் அக்காவிடம். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அதன்பின் அவர் சாயங்காலங்களில் பின்னறைக்கு வந்து துணிச் சுருள்மேல் உட்கார ஆரம்பித்தார். ஊசிப் பெட்டியை அடுக்குவார், பாபினில் நூல் சுற்றித் தருவார், சும்மா இருப்பார். ஆள் பக்கத்தில் இருப்பது அக்காவுக்குப் பிடித்துத்தான் இருந்தது. ஆனால் எதுவோ குறைந்தது. மெஷின் சத்தம் தனியாகத் துருத்திக்கொண்டு கேட்டது. இத்தனை வருஷமும் தன் கால் மிதித்தது சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்த அதிர்வுக்குத்தான் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. பாட்டு தெரியாது, யார் பாடினார் என்று தெரியாது. ஆனால் சுவர் வழியே வந்த அந்த 'தும் தும்' மட்டும் உடம்புக்குத் தெரிந்திருந்தது.

கணவரிடம் எதுவும் சொல்லாமல் அவள் ஒருநாள் தம்பியைக் கூப்பிட்டாள். தம்பி என்றால் சின்னப் பையன் இல்லை. நாற்பதைத் தாண்டியவன், டிரைவிங் ஸ்கூல் வாத்தியார். பயிற்சிக் காரையே எடுத்துக்கொண்டு வந்தான். அக்கா கையில் அவர் அடிக்கடி போடுகிற சிடி ஒன்று, பையில் அவருடைய மெழுகு அடைப்பான் ஒன்று.

"மாமாவே வேணாம்னுட்டாரு. நீ எதுக்கு அலையற?" என்று தம்பி கேட்டான்.

"நீ ரோட்டைப் பாத்து ஓட்டு" என்றாள் அக்கா.

ஷோரூமில் பாட்டுக் கேட்பதற்கென்றே கண்ணாடிக் கதவு போட்ட அறை ஒன்று இருந்தது. டை கட்டிய விற்பனையாளர் அந்த ஒல்லி வெள்ளிப் பெட்டியையே முதலில் இணைத்தார். அக்கா அடைப்பானை உருட்டி இடது காதில் வைத்து அழுத்திக்கொண்டாள். விற்பனையாளர் ஒரு கணம் விழித்தார். பிறகு தம்பியைப் பார்த்தார். தம்பி கூரையைப் பார்த்தான்.

பாட்டு ஆரம்பித்தது. கீழே ஓடுகிற அந்த அடித்தாளத்தை அக்கா உடனே கண்டுகொண்டாள். ஊரில் பார்த்த ஆளைச் சந்தையில் பார்த்த மாதிரி இருந்தது. ஆனால் அதற்கு மேலே என்னென்னவோ இருந்தன. சரம் சரமாக மணிபோல் ஏதோ ஒன்று. இடையில் நுழைந்து நுழைந்து போகிற புல்லாங்குழல். பாடுகிறவள் ஒரு சொல்லை முடிக்கும்போது குரலில் விழுகிற சின்னச் சுருக்கம்.

"இந்தப் பாட்டுல புல்லாங்குழல் இருக்கா?" என்று கேட்டாள்.

இருக்கிறதே, ஆரம்பத்திலிருந்தே இருக்கிறது என்றார் விற்பனையாளர். ஒரே பாட்டை இருபது வருஷமாக அவர் ஒரு மாதிரியும் அவள் ஒரு மாதிரியும் கேட்டிருக்கிறார்கள். சுவர் மேல்சுரத்தையெல்லாம் அந்தப் பக்கமே பிடித்து வைத்துக்கொண்டு அடித்தாளத்தை மட்டும்தான் அவளுக்கு விட்டிருக்கிறது. எழுந்து போய் அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் ஒருநாளாவது நின்றிருக்கலாம். நிற்கவில்லை. அவரும் கூப்பிடவில்லை.

அவள் மறுபடி போடச் சொன்னாள். இந்தத் தடவை அடைப்பானை எடுத்தும் வைத்தும் கேட்டாள். அவர் சொன்னது உண்மைதான். காதை அடைத்ததும் இடப்பக்கத்து வயலின் காணாமல் போகவில்லை, ஆனால் கனமான திரைக்குப் பின்னால் போய்விட்ட மாதிரி மங்கியது. ஒரு காதுக்காரருக்கு எந்தப் பெட்டி ஒத்துவரும் என்று அவள் நேரடியாகவே கேட்டாள். விற்பனையாளர் நல்ல மனிதர். இன்னும் அதிக வாட்ஸ் உள்ளதைக் காட்டி ஆசைகாட்டாமல், அவளுக்கு எதிரே உட்கார்ந்து பேசினார். இந்தக் கடையில் இருக்கிற புதுப் பெட்டி எதிலும் மோனோ பட்டன் இல்லை, மேல்சுரத்துக்கு ட்ரெபிள், அடிச்சுரத்துக்கு பேஸ் என்று திருகுகூட இல்லை, எல்லாவற்றையும் நேராக அப்படியே தருவதுதான் இவற்றின் பெருமை என்றார். "உங்களுக்கு வேண்டியது எங்ககிட்ட இல்லைங்க. மார்க்கெட்டுக்குப் பின்னாடி பழைய பெட்டியை சரிபண்ணி விக்கறவர் ஒருத்தர் இருக்கார், அவர்கிட்ட போங்க" என்று வழியும் சொன்னார்.

மார்க்கெட் பின்புறம் கார் போகாது. தம்பி காரை நிறுத்த இடம் தேடிப் போக, அக்கா இறங்கி நடந்தாள். தெருவைக் கடக்கும்போதுதான் அது நடந்தது. எங்கோ ஹாரன் அடித்தது. எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. வலப்பக்கம் திரும்பிப் பார்த்தாள், ஒன்றுமில்லை. அதற்குள் இடப்பக்கமிருந்து ஒரு பைக் அவள் பையை உரசிக்கொண்டு போயிற்று. ஓட்டியவன் திரும்பி ஏதோ திட்டினான். அக்கா நடைபாதையில் ஏறி ஒரு கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காதில் அடைப்பான் அப்படியே இருந்தது, எடுக்க மறந்துபோயிருந்தாள். அதைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தபடி நின்றாள். அவரால் இதைக் கழற்ற முடியாது. அவர் தினமும் இப்படித்தான் தெருவைக் கடக்கிறார். இதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

பழைய பெட்டிக் கடைக்காரர் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடையில் தரை தெரியவில்லை. அவர் எதையும் எடுத்துக் காட்டுவதற்குமுன் கேள்விகளாகக் கேட்டார். வீட்டில் என்ன மாதிரிப் பாட்டுக் கேட்பார்கள், எவ்வளவு சத்தமாக, அறை எவ்வளவு பெரியது, தரையிலும் சுவரிலும் என்ன இருக்கிறது. தன் கணவர் கேட்பது குரல்தான், மூச்சுக்கூடக் கேட்க வேண்டும், ஆனால் சத்தம் தாங்காது, மெதுவாகத்தான் வைக்க முடியும் என்று அக்கா சொன்னாள். ஜன்னலுக்குக் கனத் திரை போட்டிருப்பதையும், தைத்து முடித்த துணியெல்லாம் முன்னறையில்தான் அடுக்கிக் கிடக்கிறது என்பதையும் சொன்னாள்.

கடைக்காரர் சிரித்துவிட்டார். "அவ்வளவு துணி இருந்தா மேல்சுரத்தை எல்லாம் அதுவே குடிச்சிடும்மா. ட்ரெபிளைக் கொஞ்சம் ஏத்திக்க திருகு வேணும். மெதுவா வெச்சா அடிச்சுரம் காதுக்கு எட்டாது, அதுக்கு ஒரு பட்டன் வேணும். பெரிய வாட்ஸ் எல்லாம் உங்களுக்கு எதுக்கு, வீட்டுல என்ன கச்சேரியா வைக்கப்போறீங்க."

மோனோ பட்டன் உள்ளவையாகப் பார்த்து மூன்று பெட்டிகளை அவர் ஒவ்வொன்றாக இணைத்தார். அக்கா காதை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். முதல் பெட்டியில் அடித்தாளம் நெஞ்சுக்குள் வந்து விழுந்தது. காரை நிறுத்திவிட்டு வந்து சேர்ந்த தம்பிக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. அக்காவுக்கும்தான். அவளுடைய சுவரே வந்து பாடுவது போலிருந்தது. கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, இது எனக்குப் பிடித்தது, அவருக்குப் பிடிக்காது என்று சொல்லி அடுத்ததைப் போடச் சொன்னாள். இரண்டாவது பெட்டியில் குரல் கண்ணாடி மாதிரி இருந்தது. வரி தொடங்கும் முன் பாடகி மூச்சை இழுப்பது தெளிவாகக் கேட்டது. அக்கா அந்த இடத்தை மூன்று தடவை போடச் சொல்லிக் கேட்டாள். ஆனால் அடியில் ஒன்றுமே இல்லை. வீட்டில் கூரை இருந்து தரை இல்லாத மாதிரி.

"இதையே கட்டிடவா? கேக்கப்போறது யாரு, அவர்தானே?" என்று கடைக்காரர் கேட்டார்.

"அவர்தான்" என்றாள் அக்கா. கொஞ்சம் பொறுத்து, "நானும்தான்" என்றாள்.

தம்பி திரும்பிப் பார்த்தான். அவள் அவன் பக்கம் பார்க்கவில்லை.

மூன்றாவது பெட்டி பார்க்க அவ்வளவு லட்சணமில்லை. ஓரத்தில் கீறல், ஒரு திருகின் மூடி நிறம் மாறியது. ஆனால் குரலும் மூச்சோடு கேட்டது, தேவையென்றால் அடித்தாளத்தையும் திருகி ஏற்றிக்கொள்ளலாம். மோனோ பட்டனை அழுத்தியதும், மங்கிக் கிடந்த வயலின் திரையை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தது. அக்கா அடைப்பானைக் கழற்றிவிட்டுக் கேட்டாள், மாட்டிக்கொண்டு கேட்டாள். பிறகு கடைக்காரரிடம் கட்டச் சொன்னாள். திரும்பிப் போகும்போது தம்பி காரில் பாட்டைப் போட்டு வழக்கம்போல் சத்தத்தை முடுக்கினான். "ரெண்டு காது நல்லா இருந்தும் இப்படியாடா கேக்கற" என்று சொல்லி அக்கா அதைக் குறைத்து வைத்தாள்.

பெட்டியைப் பார்த்ததும் கணவர் முகம் இறுகியது. எதற்கு இதெல்லாம் என்று கேட்டார். அக்கா துண்டுத் துணியை எடுத்து மடித்து வைத்துவிட்டு, பழைய பெட்டியை நகர்த்தி, வயர்களைத் தன் போக்கில் செருக ஆரம்பித்தாள். அவர் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சிவப்பை எடுத்துக் கறுப்பில் வைக்கப் போனாள். அதுவரைதான் அவரால் பொறுக்க முடிந்தது. "தள்ளு, தள்ளு, நீ எதையாவது எரிச்சு வெச்சிடுவ" என்று வந்து மண்டியிட்டு உட்கார்ந்து, எல்லாவற்றையும் பிடுங்கி முறைப்படி மாட்டினார். அவள் சிடியை வைத்தாள். வால்யூமை மெதுவாக ஏற்றி, மோனோ பட்டனைத் தானே அழுத்தினாள்.

அவர் நாற்காலியில் உட்காரவில்லை, தரையிலேயே இருந்தார். பாட்டு ஓடியது. முடியும்வரை அவர் அசையவில்லை. மடியில் கிடந்த வலது கை மட்டும் லேசாகத் தாளம் போட்டது, பிறகு நின்றது, மறுபடி போட்டது.

"இதுதான் வேணும்னு உனக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்று பாட்டு முடிந்ததும் கேட்டார்.

அக்கா பையிலிருந்து அடைப்பானை எடுத்துக் காட்டினாள். "ஒரு காதை அடைச்சுக்கிட்டுதான் எல்லாத்தையும் கேட்டேன்."

அவர் அதை வாங்கிப் பார்த்தார். சிரிக்கவில்லை. அப்படிக் கேட்பது கஷ்டமாக இருந்ததா என்று கேட்டார்.

"பாட்டு கேக்க ஒண்ணும் கஷ்டமில்லைங்க. அப்படியே ரோட்டுல நடந்துட்டேன். அதுதான்." அவள் குரல் இறங்கியது. "ஹாரன் கேக்குது, வண்டி எங்க வருதுன்னு தெரியல. உங்களுக்கு தினமும் அப்படித்தானே?"

அவர் அடைப்பானைப் பெட்டியின்மேல் வைத்தார். பிறகு மெல்ல ஆரம்பித்தார். தெரு பரவாயில்லை, நின்று நின்று போகலாம். குழிக்குள்தான் பயம். கூட வேலை செய்பவர் குரல் கொடுத்தால் மேலேயிருந்தா கீழேயிருந்தா என்று தெரிவதில்லை. போன வாரம் கூட இருந்தவர் மேலே இருக்கிறார் என்று நினைத்து இவர் காலை நீட்டியபோது ஆள் கீழே இருந்திருக்கிறார். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றிலிருந்து இரண்டு தடவை கேட்டுவிட்டுத்தான் காலை நகர்த்துகிறார். கம்பெனியில் காது விஷயத்தை இன்னும் சொல்லவில்லை. சொன்னால் வேலையைவிட்டு அனுப்பிவிடுவார்களோ என்று அவளிடமும் சொல்லவில்லை. இதையெல்லாம் அவர் அவளைப் பார்க்காமல் புதுப் பெட்டியின் கீறலை விரலால் தடவிக்கொண்டே சொன்னார்.

அக்கா அவருடைய வலப்பக்கம் நகர்ந்து உட்கார்ந்து, காதுக்குப் பக்கத்தில் சொன்னாள். "நாளைக்கு சொல்லிடுங்க. நானும் வரேன். அனுப்பிட்டா அனுப்பட்டும், கர்ட்டன் மாட்ட ஸ்டூலைப் பிடிக்க எனக்கு ஆள் வேணும்."

அதற்கு அவர் சிரித்தார். சிரிப்பு முடிகிற இடத்தில் கண் கலங்கியது. அவள் பார்க்காத மாதிரி எழுந்துபோய் டீ போட்டாள்.

கம்பெனியில் அனுப்பிவிடவில்லை. குழி வேலையிலிருந்து எடுத்துப் பட்டறையில் உட்கார வைத்தார்கள். கழன்றுவந்த கதவு மோட்டார்களையும் பட்டன் பலகைகளையும் மேசைமேல் வைத்துச் சரிபார்க்கிற வேலை. உயரம் போய்விட்டதே என்று முதல் சில வாரம் அவருக்கு ஏக்கமாக இருந்தது. மொட்டைமாடியில் நின்று டிபன் சாப்பிடுவது போல் வருமா என்பார். பிறகு பட்டறையில் இருந்தவர்களோடு பழகிவிட்டார். அவரிடம் பேச வேண்டும் என்றால் வலப்பக்கம் வந்து நிற்க அவர்களும் பழகிக்கொண்டார்கள்.

பாட்டு பழையபடி ஆகிவிடவில்லை. அதை அவர் ஒளிக்கவும் இல்லை. வயலின் ஒரு பக்கம், குழல் ஒரு பக்கம் என்று அறை முழுக்க விரிந்து நின்றது இனி இல்லை. எல்லாரும் ஒரே பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்து பாடுகிற மாதிரி இருக்கிறது என்றார். சில நாள் இரைச்சல் அதிகமாகிப் பாதிப் பாட்டில் அணைத்துவிட்டுப் படுத்துவிடுவார். அந்த நாட்களில் அக்கா எதையும் தேற்றிச் சொல்வதில்லை. மெஷினை நிறுத்திவிட்டு வந்து கால்மாட்டில் உட்கார்ந்து கைத்தையல் போடுவாள்.

ஆனால் ஒரு வசதி இருந்தது, அதை இருவருமே எதிர்பார்க்கவில்லை. எல்லாம் ஒன்றாகக் கலந்து வருவதால் சரிசமமான தூரம், நடு இடம் என்ற கண்டிப்பெல்லாம் போய்விட்டது. அறையில் எங்கே உட்கார்ந்தாலும் ஒன்றுதான். அவர் நாற்காலியைப் பட்டறை நண்பருக்குக் கொடுத்துவிட்டு ஒரு பழைய சோபா வாங்கிப்போட்டார். அக்கா அதற்கு உறை தைத்தாள். கைத்தையலும் வளையம் கோக்கிற வேலையும் முன்னறைக்கு வந்தன. அவள் எப்போதும் அவர் வலப்பக்கம் உட்கார்வாள். அவர் ட்ரெபிளைத் திருகிவிட்டு வந்து உட்கார, அவள் எழுந்துபோய் பேஸை இரண்டு கோடு ஏற்றிவிட்டு வருவாள். அவர் ஒரு கோடு இறக்குவார். மீதி ஒரு கோட்டை விட்டுக்கொடுத்துவிடுவார்.

பாடுகிறவர்களின் பெயர்களெல்லாம் அவளுக்கு மெதுவாகப் பழக்கமாயின. கேட்ட பாட்டையே முதல் தடவை கேட்பது போல் கேட்டாள். இந்த இடத்தில் மணி மாதிரி வருகிறதே அது என்ன என்று நடுவில் கேட்பாள். பாட்டின் நடுவே பேசுகிறவர்களைக் கண்டாலே பிடிக்காத மனிதர், நிறுத்திவிட்டுப் பொறுமையாகச் சொல்லிக் கொடுப்பார். சில நேரம் அவளும் அவருக்கு ஒன்று சொல்வாள். இந்தப் பாட்டில் இரண்டாவது சரணத்தில் அடித்தாளம் ஒரு தடவை தடுமாறும், கவனியுங்கள் என்பாள். அவர் கவனிப்பார். தடுமாறும். இத்தனை வருஷமாக நான் இதைக் கேட்டதே இல்லையே என்று அவர் வியந்தபோது, குரலையே பார்த்துக்கொண்டிருந்தால் கால் எங்கே தெரியும் என்றாள்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு விடுமுறை நாள் மத்தியானம், பெரிய மண்டபம் ஒன்றுக்குத் திரை மாட்டிவிட்டு அக்கா நனைந்தபடி வீட்டுக்கு வந்தாள். வழியில் ஒரு சிடி வாங்கியிருந்தாள். வாழ்க்கையில் அவள் தனக்கென்று வாங்கிய முதல் சிடி அது. கடையில் யாரையும் கேட்கவில்லை, தானே போட்டுக் கேட்டு எடுத்தது. அதில் பாட்டே கிடையாது. ஐந்தாறு பேர் உட்கார்ந்து விதவிதமான முரசுகளையும் மத்தளங்களையும் வாசிக்கிறார்கள், அவ்வளவுதான். கணவர் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பாடறவங்க யாரும் இல்லையேம்மா?"

"இல்லைங்க. அதான் வாங்கினேன்."

அவர் பெட்டியைப் போட்டு, வால்யூமைப் பார்த்துக் குறைத்து வைத்துவிட்டு, சோபாவில் இடம் விட்டு உட்கார்ந்தார். அவள் ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே வந்து பக்கத்தில் அமர்ந்தாள். முரசுகள் மெதுவாகத் தொடங்கின. முகத்தைப் பார்த்தாலே அவருக்கு இது ஒத்துவரவில்லை என்று தெரிந்தது. இரண்டாவது பகுதியில் ஒரு கொட்டாவியை விழுங்கினார். வேண்டுமானால் நிறுத்திவிடட்டுமா என்று அவள் கேட்டாள். அவர் வேண்டாம் என்று கையசைத்துவிட்டு, எழுந்துபோய் பேஸ் திருகை அவளுக்குப் பிடித்த அளவுக்குத் தானே ஏற்றிவிட்டு வந்து உட்கார்ந்தார். கடைசிவரை கேட்டார்கள்.